டாக்டர் சொன்னதில் நான் சொல்லாமல் விட்டது

என் கறுப்பு நகக்காரி மாதம்மாவுக்கு,

நல்லா இருக்கியா என்று எழுதத்தான் கை போனது. போய்ச் சேர்ந்தவளிடம் அப்படிக் கேட்கலாமா, கூடாதா? நான் படித்தது அஞ்சாவது. அதற்குள் இதைச் சொல்லித்தரவில்லை. நேராக விஷயத்துக்கு வரவும் தைரியம் இல்லை. கொஞ்சம் சுற்றித்தான் வருவேன், பொறுத்துக்கொள்.

இந்தக் கடிதத்தை ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்காகப் போடும் சின்னத் தமிழ்ப் பத்திரிகையில் அச்சடிக்கப் போகிறார்கள். மற்றவர்களும் படிப்பார்கள். அதனால் உனக்குத் தெரிந்த கதையையே இடையிடையே திரும்பச் சொல்வேன். "எனக்கே கதையா அக்கா?" என்று சேலைத் தலைப்பால் இடது கன்னத்தை மூடிக்கொண்டு நீ சிரிப்பது தெரிகிறது. சிரி. இந்தக் கடிதத்தில் சிரிப்பதற்கு முன்பாதியில்தான் இடம் இருக்கிறது.

நீ முதன்முதலாக வந்தபோது நான் வெளிநோயாளிப் பிரிவில் ஆயா. பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்ததால் வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம். டாக்டர்கள் கன்னடத்தில் சொல்வதைத் தமிழ்நாட்டுப் பக்கமிருந்து வருகிறவர்களுக்குத் தமிழில் சொல்வது என் வேலையே இல்லை. ஆனால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போய் நிற்பேன். கூட்டிப் பெருக்குகிறவளுக்கு டாக்டர் பக்கத்தில் நிற்பதென்றால் சும்மாவா?

அன்றைக்கு உன்னை வாயைத் திறக்கச் சொன்னார்கள். நீ ஏதோ கதவை ஒருக்களித்துப் பார்ப்பதுபோலத் திறந்தாய்.

"என்னம்மா இது, வாயா, பேங்க் லாக்கரா? மேனேஜர் சாவியும் சேந்து வரணுமா?"

"இதுக்கு மேல வரல அக்கா."

"மூணு விரல் உள்ள போவணும். வெய்யி பாக்கலாம்."

நீ விரலைத் தூக்கினாய். இரண்டே விரல்தான் போனது, அதுவும் சிரமப்பட்டு. எனக்கு அந்த நேரத்தில் உன் நகங்கள்தான் கண்ணில் பட்டன. கரி பிடித்து, தேய்த்தாலும் போகாத கறுப்பு.

"அடுப்புக்கரி திங்கறியா?"

"ஊதுபத்தி உருட்டறேன் அக்கா, ஹெப்பகோடியில."

புகையிலைத் தூள், நாம் கடிப்புடி என்போமே, அதைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டால் மத்தியானம் பசி தெரியாது, எழுந்திருக்காமல் உருட்டலாம் என்று நீயே சொன்னாய். எத்தனை வருஷமாக என்று கேட்டதற்கு, "வாணி வயித்துல இருக்கும்போதுலேந்து" என்றாய். வாணி, உன் ஒரே மகள். ஊத்தங்கரைப் பக்கம் உன் தம்பி வீட்டில் விட்டிருந்தாய். கட்டினவன் போன இடம் தெரியாது.

"சரி, ஆஸ்பத்திரிக்குப் போன்னு யாரு சொன்னாங்க?"

"மாரியாத்தா." நீ சிரிக்காமல் சொன்னாய். சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம் கட்டி, அம்மன் முன்னால் போட்டு எடுக்கச் சொன்னாயாம். வெள்ளை வந்ததாம், அதனால் வந்தாயாம்.

"சிவப்பு வந்திருந்தா?"

"இன்னொரு வாட்டி எடுத்துப் பாத்திருப்பேன்."

நான் சிரித்த சிரிப்பில் நர்ஸ் வந்து திட்டினாள். அன்றைக்கே நாம் இருவரும் அக்கா தங்கை ஆகிவிட்டோம். மாதம்மா, அந்தப் பூக்கதையை மனதில் வைத்துக்கொள். திரும்ப அங்கேதான் வரப்போகிறேன்.

கன்னத்தில் புற்றுநோய், வெட்டி எடுக்க வேண்டியிருக்கும் என்று உன்னை வார்டில் சேர்த்தார்கள். ஜன்னலோரக் கட்டில். நான் வேலை முடிந்ததும் வந்து உட்காருவேன். அப்போது ஊரிலிருந்து தம்பியின் கடிதம் வந்தது. வாணி பெரிய மனுஷி ஆகிவிட்டாள், அடுத்த வெள்ளிக்கிழமைக்கு மேல் வரும் வெள்ளிக்கிழமை மஞ்சள் நீராட்டு. நான்தான் எழுத்துக்கூட்டிப் படித்தேன். நீ மூன்று தடவை படிக்கவைத்தாய்.

"மூஞ்ச வெட்டறதுக்கு முன்னாடி போய் வந்துடணும் அக்கா. முழு மூஞ்சியோட அவ தலையில தண்ணி ஊத்தணும்."

"ஆமா, இப்ப மட்டும் சினிமாக்காரி மூஞ்சி" என்றேன். அடிக்க வந்தாய்.

இரண்டு நாள் கழித்துச் சின்ன டாக்டர் வந்தார். அறுவை சிகிச்சை படித்துக்கொண்டிருந்தவர், ஹாசன் பக்கத்துக்காரர், மீசை சரியாக முளைக்காத முகம். அவருக்குத் தமிழ் வராது. உனக்குக் கடைத்தெருக் கன்னடம் மட்டும். ஸ்டூலை இழுத்துப் போட்டு உன் முகத்துக்கு நேராக உட்கார்ந்தார். டாக்டர்கள் உட்கார்ந்து பேசி நான் அதிகம் பார்த்ததில்லை. கையில் காகிதம், கன்னடத்திலும் இங்கிலீஷிலும். தமிழில் இல்லை.

அவர் ரொம்ப நேரம் பேசினார். ஒரு ஆராய்ச்சி நடக்கிறது என்றார். இந்த நோய்க்கு முதலில் வெட்டி எடுத்துவிட்டுப் பிறகு மருந்து கொடுப்பதா, முதலில் மருந்து கொடுத்துச் சுருக்கிவிட்டுப் பிறகு வெட்டுவதா, எது நல்லது என்று இன்னும் யாருக்கும் தெரியாது என்றார். உனக்கு எது என்பதை அவர் முடிவு செய்ய மாட்டார். ஒட்டிய உறை ஒன்றைப் பிரித்தால் அதில் எது வருகிறதோ அதுதான். இதில் சேர வேண்டாம் என்றால் வேண்டாம், வழக்கமான வைத்தியம் கிடைக்கும், யாரும் கோபிக்க மாட்டார்கள் என்றார். ஊருக்குப் போய் வீட்டில் கலந்துகொண்டு, பத்து நாள் கழித்து வந்து சொன்னாலும் சரி என்றார்.

பத்து நாள். மஞ்சள் நீராட்டு அதற்குள்ளே வந்துவிடும்.

நான் உன்னைப் பார்த்தேன். அந்தக் கட்டிலில் உனக்கு முன்னால் படுத்திருந்தவள் "ஒரு வாரத்துல வந்துடறேன்" என்று போனாள். வரவில்லை. அவளுக்கு முன்னால் ஒருத்தி நாலு மாதம் கழித்து வந்தாள், கன்னத்தில் ஓட்டையோடு. போகவிட்டால் உன்னையும் தொலைத்துவிடுவேன் என்று பட்டது. அது மட்டுமா? எது நல்லதென்று டாக்டருக்கே தெரியாது, உறையைப் பிரித்துப் பார்ப்பார் என்று உன்னிடம் எப்படிச் சொல்வேன்? பயந்து ஓடிவிடுவாய். உனக்கு இதெல்லாம் புரியாது என்று நினைத்தேன். அஞ்சாவது படித்தவள், பள்ளிக்கூடமே போகாதவளைப் பார்த்து அப்படி நினைத்தேன்.

"உனக்கு நல்ல வைத்தியமா டாக்டரே பாத்து வெச்சிருக்காரு. நாளைத் தள்ளக் கூடாதாம். ரேகை வெய்யி" என்றேன்.

நீ என்னைப் பார்த்தாய், டாக்டரைப் பார்த்தாய், திரும்ப என்னைப் பார்த்தாய். தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்டாய்.

"அவ்ளோ நேரம் பேசினாரு. அவ்ளோதானா அக்கா?"

"அவ்ளோதான்."

"எல்லா ஹேளிதீரா, கனகம்மா?" என்றார் டாக்டர், எல்லாம் சொல்லிவிட்டீர்களா என்று.

"ஹேளிதே சார்" என்றேன்.

நீ கட்டை விரலை நீட்டினாய். மையே வேண்டாம், உன் விரல் ஏற்கெனவே கறுப்புதான் என்று கிண்டல் செய்தேன். நீயும் சிரித்தாய். அந்தச் சிரிப்பை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது?

உறையில் முதலில் அறுவை என்று வந்தது. அடுத்த வாரமே தியேட்டருக்குப் போனாய். தாடையில் பாதி போனது. மூக்கில் குழாய், வாயில் பேச்சில்லை. அந்த வெள்ளிக்கிழமை காலையில் நான் தரை துடைத்துக்கொண்டிருந்தேன். நீ என் கையைத் தட்டி மணி என்ன என்று சாடையில் கேட்டாய். பத்து என்று விரித்துக் காட்டினேன். அப்போது நீ வலது கையைத் தூக்கி, சொம்பு பிடிப்பதுபோல மடக்கி, காற்றில் மெல்லச் சாய்த்தாய். மூன்று தடவை. இல்லாத தலைக்கு இல்லாத தண்ணீரை ஊற்றினாய். பிறகு கையை மார்பில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய்.

நான் குனிந்து, துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தேன்.

அதற்குப் பிறகு உன் பேச்சு திரும்பியது, குழறலாக. ஊருக்குப் போனாய், வந்தாய். ஒரு வருஷம் முழுசாக ஓடவில்லை. கழுத்தில் திரும்ப வந்துவிட்டது. அதே ஜன்னலோரக் கட்டிலில்தான் கண்ணை மூடினாய். உன் தம்பி வந்து கொண்டுபோனார். உன் கையைத் துடைத்துவிட்டது நான். மாதக்கணக்காகப் பத்தியே தொடாத கை, ஆனாலும் நகத்தின் ஓரத்தில் கறுப்பு இருந்தது.

பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது மாதம்மா. என்னை இப்போது பொது சுகாதாரப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். வேனில் ஏறி லிங்கராஜபுரம், ஹெப்பகோடி, எங்கெல்லாம் குட்கா பாக்கெட்டும் புகையிலையும் மெல்லுகிறார்களோ அங்கெல்லாம் போகிறோம். நான் ஆளைப் பிடித்து உட்காரவைப்பேன், டார்ச் அடிப்பேன். "வாயைத் தெறப்பா, பொண்டாட்டிகிட்ட சொல்லாத ரகசியமா உள்ள இருக்கு?" என்றால் ஆட்டோக்காரர்கள் சிரித்துக்கொண்டே திறந்துவிடுவார்கள். மூன்று விரல் போகிறதா என்று பார்ப்பேன். ஒவ்வொரு வாயிலும் டார்ச் வெளிச்சம் விழும்போது ஒரு நொடி உன் வாய்தான் தெரிகிறது. அதை யாரிடமும் சொன்னதில்லை.

வார்டுக்கு எப்போதாவது போனால் அந்தக் கட்டில் பக்கம் ஊதுபத்தி வாசனை வருகிறது. வார்டில் பத்தி ஏற்றவே விடமாட்டார்கள். வேறு யாருக்கும் வரவில்லையாம். நீதானா? நீ என்றால் ஒரு சாடையாவது காட்டக் கூடாதா? வீட்டில் சாமிப்படத்துக்குப் பத்தி கொளுத்துவதை விட்டுவிட்டேன். பூவோடு நிறுத்திக்கொள்கிறேன். குழாயில் குடம் நிறையும்போது, லிஃப்ட் நிற்கும்போது, சும்மா இருக்கிற எந்த நேரத்திலும், "அவ்ளோதானா அக்கா?"

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். நான் செய்தது தப்பென்று வெகுநாள் எனக்குத் தெரியவே தெரியாது. உன்னைக் காப்பாற்றத்தானே பார்த்தேன், விதி விடவில்லை என்றுதான் இருந்தேன். போன வருஷம் சின்ன டாக்டர் எங்களுக்கெல்லாம் கன்னடத்தில் ஒரு வகுப்பு எடுத்தார். இப்போது அவர் பெரிய டாக்டர், துறைக்கே தலைவர். முடி கொட்டிவிட்டது, கிண்டல் செய்தால் சிரிப்பார். ஆராய்ச்சியில் சேர்க்கும்போது நோயாளிக்கு எல்லாவற்றையும் அவர் மொழியில் சொல்லவேண்டும், அவர் முடிவு செய்ய வேண்டியதை நாம் செய்துவிடக்கூடாது, நல்லெண்ணத்தில்கூடக் கூடாது என்றார். சொல்லிவிட்டு என்னைக் காட்டினார். "நம்ம கனகம்மாவப் பாருங்க. அந்தக் காலத்துலயே நான் சொன்னத ஒண்ணு விடாம சொல்லுவாங்க."

எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன் என்று நினைக்கிறேன்.

அதற்கு இரண்டு மாதம் கழித்து ஹெப்பகோடி முகாமில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் கம்பெனியில் வேலையாம், கழுத்தில் அடையாள அட்டை. வாயைத் திறக்கச் சொன்னால் நாலு விரல் போகிற அளவு திறந்தாள். பல்லெல்லாம் பளிச்சென்று. "வாயா இது, விதான சௌதா சட்டசபை வாசலா" என்றேன். சிரித்தாள். சிரிக்கும்போது இடது கன்னத்தைக் கையால் மூடிக்கொண்டாள். அங்கே ஒன்றுமே இல்லை, மாதம்மா. ஒன்றுமே இல்லாத கன்னத்தை மூடிக்கொண்டாள்.

பெயர் கேட்டேன். வாணி என்றாள். என் பெயரைக் கேட்டதும் எழுந்து நின்றுவிட்டாள். "கனகா அக்காவா? அம்மா உங்களைப் பத்தித்தான் சொல்லிட்டே இருக்கும்."

வேன் கிளம்பும்வரை என் கையை விடவில்லை. கடைசியில்தான் கேட்டாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். என் சடங்குக்கு அம்மாவ டாக்டர் விடலன்னு மாமா சொல்லும். மாமி வேற மாதிரி சொல்லும். வரணும்னு இருந்தா வந்திருக்கலாம், மூஞ்சிய நாலு பேர் பாப்பாங்கன்னு வரலன்னு. அம்மாகிட்டயே கேக்க அப்ப மனசு வரல. எது நெசம்? டாக்டர் போகவே கூடாதுன்னாரா?"

பத்து வருஷமாக அந்தப் பெண் இதைத் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறாள். நான் என்ன செய்தேன் தெரியுமா?

"ஆமாம்மா, டாக்டர் விடல" என்றேன்.

அவள் முகம் தெளிந்துவிட்டது. சிரித்துக்கொண்டே போனாள். நான் வேனில் ஏறி உட்கார்ந்தேன். உனக்குச் செய்ததையே உன் மகளுக்கும் செய்துவிட்டேன். எதைத் தாங்குவாள், எதைத் தாங்கமாட்டாள் என்று நானே முடிவு செய்து, இரண்டு வார்த்தையில் முடித்துவிட்டேன். உன்னை உட்காரவைத்துப் பொறுமையாகப் பேசிய மனிதர் தலையில் பழியையும் போட்டுவிட்டேன்.

மறுநாளே பெரிய டாக்டரிடம் போய்ச் சொன்னேன், எல்லாவற்றையும். திட்டுவார் என்று நின்றேன். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். எந்த வழி நல்லதென்று தெரிந்திருந்தால் ஆராய்ச்சியே வேண்டாமே கனகம்மா, பத்து நாளில் என்ன மாறியிருக்கும் என்று இன்றைக்கும் என்னால் சொல்லமுடியாது என்றார். பிறகு மெதுவாக, "நான் உங்களைக் கேட்டேன். அந்தம்மாவைக் கேக்கலையே. என்ன புரிஞ்சுதுன்னு அவங்க வாயால சொல்ல வெச்சிருக்கணும்" என்றார்.

போன ஞாயிற்றுக்கிழமை முகாம் நோட்டில் விலாசம் பார்த்து வாணியின் அறைக்குப் போனேன். ஓசூர் ரோட்டில் மேம்பாலம் கட்டுகிறார்கள், பஸ் நகரவே இல்லை. திரும்பிப் போய்விடலாமா என்று நாலு தடவை எழுந்து உட்கார்ந்தேன். நீதான் பிடித்து உட்காரவைத்தாய் என்று வைத்துக்கொள்கிறேன்.

சொன்னேன். டாக்டர் போகலாம் என்றார், நான்தான் சொல்லவில்லை, உன் அம்மாவுக்குத் தெரியாது என்று சொன்னேன். அவள் டீ டம்ளரைக் கீழே வைத்தாள். தெருவில் யாரோ சைக்கிள் பெல் அடித்தார்கள். அழுவாள், கத்துவாள் என்று காத்திருந்தேன்.

"அப்ப அம்மா வரமாட்டேன்னு சொல்லல."

"சொல்லல. முழு மூஞ்சியோட வந்து உன் தலையில தண்ணி ஊத்தணும்னுதான் சொன்னா."

நீ காற்றில் மூன்று தடவை ஊற்றியதையும் சொன்னேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள், நிஜமாகவே தண்ணீர் விழுவதுபோல. பிறகு நிமிர்ந்தாள்.

"டாக்டர் அன்னைக்கு என்னென்ன சொன்னாரு? முழுசா சொல்லுங்க."

சொன்னேன் மாதம்மா. உன்னிடம் சொல்லவேண்டியதை அவளிடம் சொன்னேன். இரண்டு வழி, எது நல்லதென்று யாருக்கும் தெரியாது. ஒட்டிய உறை. உறையை எப்படிச் சொல்வது என்று திணறியபோதுதான் உன் பூப்பொட்டலம் ஞாபகம் வந்தது. "பூக்கட்டிப் பாக்கிற மாதிரிதான். யாரும் கைய வெச்சு இதுதான்னு எடுக்க முடியாது" என்றேன். எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது! உனக்கு இது புரியாது என்றா நினைத்தேன்? உனக்குப் புரியாமல் வேறு யாருக்குப் புரியும்? இன்னொரு வாட்டி எடுக்க முடியாதா என்றுகூடக் கேட்டிருப்பாய். முடியாது, ஆனா வேணாம்னு எழுந்து போகலாம் என்று நான் சொல்லியிருப்பேன்.

எல்லாம் சொல்லி முடித்தேன். வாணி தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தாள்.

"அவ்ளோதானா அக்கா?"

அது உன் வார்த்தை என்று அவளுக்குத் தெரியாது, தெரிந்து கேட்கவில்லை. அவ்ளோதான் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அப்போதுதான் அந்தக் கட்டில், அந்த ஸ்டூல், டாக்டரின் முகம், எல்லாம் திரும்ப எதிரே நின்றன. பத்து வருஷத்தில் ஒருநாளும் எனக்கு ஞாபகம் வராத ஒரு வரி.

"இல்லம்மா. இன்னும் ஒண்ணு இருக்கு. கடைசியா, 'உங்களுக்கு ஏதாவது கேக்கணும்னா கேளுங்க, நான் உக்காந்திருக்கேன்'ன்னாரு. அதையும் சொல்லாம, 'அவ்ளோதானா அக்கா'ன்னு உன் அம்மா என்னைக் கேட்டதுக்கு 'அவ்ளோதான்'ன்னுட்டேன்."

வாணி டம்ளர்களை எடுத்துக்கொண்டுபோய்க் கழுவினாள். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. முதுகைக் காட்டிக்கொண்டே பேசினாள்.

"அம்மா கேட்டுச்சே. உங்களக் கேட்டுச்சே."

ஆமாம் மாதம்மா. நீ கேட்டாய்.

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பஸ் ஸ்டாப்வரை கூட வந்தாள். ஏறும்போது, "அடுத்த ஞாயித்துக்கெழம வருவீங்களா?" என்றாள். அதற்கு என்ன அர்த்தம் என்று நான் முடிவு செய்யவில்லை. போய்த்தான் பார்க்கவேண்டும்.

இப்போது காகிதம் தமிழிலும் இருக்கிறது. ஆனாலும் என்னைக் கூப்பிடத்தான் செய்கிறார்கள். உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். டாக்டர் எவ்வளவு நேரம் பேசுகிறாரோ அவ்வளவு நேரம் நானும் பேசுவேன். எனக்குப் பிடிக்காததையும் சொல்வேன், போகலாம் என்றால் போகலாம் என்றே சொல்வேன். கடைசியில் "என்ன கேக்கணுமோ கேளு தாயி" என்று சொல்லிவிட்டு, கிண்டல் எதுவும் செய்யாமல், அவர்கள் வாயைத் திறக்கும்வரை வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். என்னால் முடியுமா என்று சிரிக்கிறாய். முடியும், பார்த்துக்கொண்டே இரு.

இன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் ஒரு பத்தி ஏற்றியிருக்கிறேன். சாமிக்கு இல்லை. முடிந்தால் வா. கேள்வி இருந்தால் கேள். நான் உட்கார்ந்திருக்கிறேன்.

நீ நம்பிக் கேட்டபோது பாதியை விழுங்கிய, இனி ஒரு வார்த்தையும் விழுங்காத,
உன் அக்கா
கனகா